ஐந்து மணி நேர ஊழியர்

ஒரு வேலையில் சேரும் நாளிலேயே, ‘இந்த வருமானத்தை மட்டும் நம்பி நானும் என் குடும்பமும் இல்லை, பிழைக்க வேறு வழி இருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? இந்திய அஞ்சல் துறையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் அப்படிக் கையெழுத்துப் போட்டுத்தான் வேலைக்கு வந்திருக்கிறார்கள். ‘கிராமிண் டாக் சேவக்’ என்பது அவர்களுடைய அதிகாரப்பூர்வப் பெயர். சுருக்கமாக ஜி.டி.எஸ். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு அவர்கள் இன்னும் ‘ஈ.டி. ஆள்’தான். ‘எக்ஸ்ட்ரா டிபார்ட்மெண்டல்’ என்று துறை அழைத்த காலத்துப் பேச்சு அது.

அவர்களுக்கான விதிகளைப் படித்தால் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கதவுகள் சாத்தப்படுவது தெரியும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கிடையாது. 65 வயதில் வீட்டுக்குப் போக வேண்டும். அரசுப் பணியின் வழக்கமான வட்டத்துக்கு வெளியே இருப்பவர். அரசு ஊழியருக்குச் சமம் என்று கோர முடியாது. கிளை அஞ்சலகத்தின் போஸ்ட் மாஸ்டராக இருந்தால் அலுவலகத்துக்கான இடத்தையும் அவரே ஏற்பாடு செய்ய வேண்டும். முக்கியமாக, அரசு ஊழியருக்குரிய ஓய்வூதியம் கிடையாது.

தஞ்சாவூர் ரயில் நிலையத்துக்கு அருகிலிருக்கும் தலைமை அஞ்சலகத்திலிருந்து கிளம்புகிற தபால்காரர் ‘டிபார்ட்மெண்ட் ஆள்’. பூதலூர்ப் பக்கமோ அம்மாபேட்டைப் பக்கமோ உள்ளே போனால், வாய்க்கால் பாலம் தாண்டித் தெருவுக்குள் வருகிறவர் பெரும்பாலும் ஜி.டி.எஸ். கடிதம் வாங்குகிறவருக்கு இரண்டு பேரும் தபால்காரர்தான். வேறுபாடு சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அதைவிடப் பெரிய வேறுபாடு 65 வயதுக்குப் பிறகு வருகிறது.

எனக்கு மாமா முறையாகும் ஒருவர் வெண்ணாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் முப்பது வருடங்களுக்கு மேலாகத் தபால் கொடுக்கிறார். காலை பஸ்ஸில் சப் ஆபீசிலிருந்து பை வரும். பிரித்து, பதிவேட்டில் ஏற்றி, சைக்கிளில் கிளம்புவார். நாலைந்து குக்கிராமங்கள் அவருடைய வட்டம். ஒரு காலத்தில் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வந்த நீலநிறக் கடிதங்களை அவரே படித்துக் காட்டி, பதிலும் எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்போது கடிதம் எழுத ஆளில்லை. ஏ.டி.எம். கார்டு, ஆதார் அட்டை, பாஸ்போர்ட், கூட்டுறவுச் சங்கத்தின் நகைக்கடன் நோட்டீஸ், கோர்ட் சம்மன் இவைதான் வருகின்றன. பதிவுத் தபால் என்ற தனிப் பிரிவையே 2025இல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள்.

தபால் குறைந்தாலும் வேலை குறையவில்லை. கையில் கருவி ஒன்று வந்தது. 2018 செப்டம்பரில் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி தொடங்கிய பிறகு, கைரேகை வைத்துப் பணம் கொடுப்பது, கணக்குத் திறப்பது, ஆயுள் காப்பீட்டுக்கு ஆள் பிடிப்பது என்று வேலை விரிந்தது. ‘மேளா’ என்று ஒரு தேதி சொல்வார்கள். அன்றைக்கு இத்தனை கணக்கு என்று டார்கெட்.

“அஞ்சு மணி நேரம்னு பேப்பர்ல இருக்கு மாப்ளே. சிக்னல் கிடைக்காம பனைமரத்தடியில நிக்கிற நேரத்தை யாரு கணக்குல எழுதுறது?” என்றார்.

அவர் செய்யும் வேலைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் ஆண்டுக்கொரு முறை உயிரோடிருப்பதற்கான சான்று கொடுக்க வேண்டும். இப்போது தபால்காரரே வீட்டுக்கு வந்து, கருவியில் விரல் வைக்கச் சொல்லி, 70 ரூபாய் கட்டணத்தில் அந்த மின்னணுச் சான்றை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஈசிசேரில் உட்கார்ந்தபடி விரலை வைப்பார். அவருடைய பென்ஷன் தொடரும். அதை எடுத்துக் கொடுக்கிறவருக்கு அப்படியொரு சான்று ஒருநாளும் தேவைப்படப் போவதில்லை.

வேறு வருமானம் என்பது எது?

அந்தக் கையெழுத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. இந்த ஏற்பாடு 1854இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கிராமம்தோறும் முழுநேர ஊழியர் வைத்தால் கட்டுப்படியாகாது என்று ஆங்கிலேய அரசு நினைத்தது. பள்ளி ஆசிரியர், கடைக்காரர், நிலம் உள்ளவர் என்று ஏற்கெனவே வருமானம் உள்ள ஒருவரிடம் தபால் பையைக் கொடுத்தால் போதும், சிறு தொகையோடு முடிந்துவிடும். தஞ்சை ஜில்லாவுக்கு இது நன்றாகவே பொருந்தியது. மிராசுதார் வீட்டுத் திண்ணையில் தபாலாபீஸ் நடந்தது. அவருக்கு அதில் வந்த காசு முக்கியமில்லை, ஊரில் மரியாதை முக்கியம்.

ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் மிராசுதார் இல்லை. என் மாமாவின் ‘வேறு வருமானம்’ பத்து மா குத்தகை நிலம். அது ஆற்றை நம்பியது. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்க வேண்டும் என்பது மரபு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2023இல் சரியாகத் திறந்தார்கள், ஆனால் அக்டோபர் 10இல் மூடும்படி ஆயிற்று. டெல்டாவில் பல இடங்களில் குறுவை கருகியது. 2024இல் ஜூலை கடைசியில்தான் தண்ணீர் விட்டார்கள். விதி சொல்கிற ‘போதுமான வேறு வருமானம்’ இந்த மண்ணில் இவ்வளவுதான். அடுத்து வந்த இளைஞர்களுக்குக் குத்தகை நிலம்கூடக் கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தேர்வாகி, வெளி மாவட்டத்திலிருந்து வந்து, வாடகைக்கு வீடெடுத்துத் தங்கி வேலை பார்க்கிறார்கள். அவர்களும் அதே தாளில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

வேலை செய்கிறவரை விதிக்கு வெளியே நிறுத்துவது இந்த மாவட்டத்துக்குப் புதிய அனுபவமில்லை. விவசாயத் தொழிலாளர் போராட்டங்களுக்குப் பிறகு 1952இல் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளுக்குக் கூலியும் வேலைப் பாதுகாப்பும் தந்த சட்டம். வந்த கையோடு, பல பண்ணைகளில் பண்ணையாள் வைத்துக்கொள்ளும் வழக்கத்தையே விட்டுத் தினக்கூலிக்கு மாறினார்கள். அதே ஆள், அதே வயல், அதே நடவு. ஆனால் சட்டம் சொன்ன பண்ணையாள் அங்கே இல்லை. ஜி.டி.எஸ். விஷயத்தில் யாரையும் அப்படி மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை. தொடக்கத்திலேயே வட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

நீதிமன்றமும் இதில் பாதி தூரம்தான் வந்தது. 1977இல் பி.கே. ராஜம்மா வழக்கில், இவர்கள் வகிப்பது அரசுப் பதவிதான், விசாரணையில்லாமல் வேலையை விட்டு நீக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய வெற்றி. ஆனால் அதே தீர்ப்பின்படி அந்தப் பதவி வழக்கமான அரசுப் பணிக்கு வெளியே இருந்தது. ஏழாவது ஊதியக் குழு, அரசு ஊழியருக்குச் சமமாக நடத்தக் கோருவதை மறுத்தபோது சொன்ன காரணமும் இதேதான். 2019 நவம்பரில் காண்டிபா பெஹரா வழக்கில் இன்னொரு வாசலும் அடைபட்டது. ஜி.டி.எஸ்.ஸாக இருந்து கடைசிக் காலத்தில் நிரந்தரப் பணிக்குப் போனவர்களில் பலருக்கு, ஓய்வூதியத்துக்கு வேண்டிய 10 ஆண்டு சர்வீஸ் தேறவில்லை. முந்தைய காலத்தையும் சேர்த்து எண்ணுங்கள் என்று கேட்டார்கள். எண்ண விதியில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கமிட்டிகள் கொடுத்ததும் கொடுக்காததும்

மத்திய அரசு ஊழியருக்கு ஊதியக் குழு. ஜி.டி.எஸ்.ஸுக்குத் தனிக் கமிட்டி. 1997இல் அறிக்கை கொடுத்த நீதிபதி தல்வார் கமிட்டி, செய்யும் நேரத்துக்கு ஏற்றபடி அரசு ஊழியருக்குரிய பலன்களை இவர்களுக்கும் தரலாம் என்ற பக்கம் சாய்ந்தது. அது முழுமையாக நடக்கவில்லை. அதற்குப் பின் வந்த நடராஜமூர்த்தி கமிட்டியும் கமலேஷ் சந்திரா கமிட்டியும் ஓய்வுபெற்ற அஞ்சல் துறை உயரதிகாரிகள் தலைமையில் அமைந்தவை.

2011இல் ஓய்வூதியத்துக்குப் பதிலாக ஒன்று வந்தது. ஆங்கிலத்தில் எஸ்.டி.பி.எஸ். என்கிறார்கள். ஒவ்வொருவர் பெயரிலும் துறை மாதம் 200 ரூபாய் போடும். பத்து வருடத்துக்கு அசல் 24,000 ரூபாய். பிறகு தொகையைக் கூட்டி ஊழியரிடமும் பிடித்தம் செய்தாலும், முதுமைக்கு மாதாமாதம் கைகொடுக்கும் அளவுக்கு அது வளரவில்லை. பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சில எண்கள்: தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். தனியார் துறையினருக்கான பி.எஃப். ஓய்வூதியத்தில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய். 2025 ஏப்ரலில் மத்திய அரசு ஊழியருக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் 10 ஆண்டு வேலை செய்தவருக்குக் குறைந்தபட்சம் 10,000 ரூபாய்.

கமலேஷ் சந்திரா கமிட்டி 2016 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. அமல்படுத்தச் சொல்லி 2018 மே 22இல் வேலைநிறுத்தம் தொடங்கியது. பதினாறு நாள். ஜூன் 6இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அஞ்சல் பட்டுவாடா செய்பவருக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறைந்தபட்சம் 10,000, ஐந்து மணி நேரத்துக்கு 12,000. கிளை போஸ்ட் மாஸ்டருக்கு 12,000, 14,500. இதற்கு மேல் அகவிலைப்படி. 2025 ஜூலைக் கணக்கான 58 விழுக்காட்டைச் சேர்த்தால், ஆகக் கீழே தொடங்குகிறவர் கைக்கு 15,800 ரூபாய் வரும். முன்பு இருந்ததைவிட இது நல்ல உயர்வு, சந்தேகமில்லை. ஆனால் அறிக்கையில் 5 லட்சம் வரை என்றிருந்த பணிக்கொடை, உத்தரவில் 1.5 லட்சமாக இறங்கியது. ஓய்வூதியம் வரவில்லை.

2023 டிசம்பரில் மறுபடி வேலைநிறுத்தம். எட்டு மணி நேர வேலை, ஓய்வூதியம், 12, 24, 36 ஆண்டு முடிந்தால் ஊதிய உயர்வு, 5 லட்சம் பணிக்கொடை கேட்டார்கள். சில நாளில் கைவிட்டார்கள். 2024 மார்ச்சில் நிதி உயர்வுத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. 12 ஆண்டு முடித்தால் வருடத்துக்கு 4,320 ரூபாய், 24 ஆண்டுக்கு 5,520, 36 ஆண்டுக்கு 7,200. மாதக் கணக்கில் 360, 460, 600. முப்பத்தாறு வருடம் வெயிலிலும் சேற்றிலும் சைக்கிள் மிதித்தவருக்கு மூன்றாவது உயர்வு மாதம் 600 ரூபாய்.

அரசின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. பல கிளை அஞ்சலகங்களின் வரவு செலவுக்குப் போதாது. இரண்டரை லட்சம் பேருக்கு ஓய்வூதியம் என்றால் சுமை பெரிது. ஐந்து மணி நேர வேலைக்கு முழு ஊழியர் உரிமை எப்படி என்றும் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அரசின் மானியமும் உதவித்தொகையும் வங்கிச் சேவையும் கடைசி வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் இந்த ஆட்கள் அவசியம் என்று அதே அரசு மேடைதோறும் சொல்கிறது. அவசியத்தைப் பேசும்போது முழு ஊழியர், செலவைப் பேசும்போது பகுதிநேர ஆள் என்றால் கணக்கு இடிக்கிறது.

சங்கத்தின் மேல் வருத்தம்

“எந்த யூனியன் மாமா நீங்க?” என்று கேட்டேன்.

“எதுல இல்லன்னு கேளு மாப்ளே. எல்லாத்துக்கும் சந்தா கட்டிப் பாத்தாச்சு.”

இடதுசாரிகளுக்கு நெருக்கமான என்.எஃப்.பி.இ. சம்மேளனத்தில் ஒரு சங்கம். எஃப்.என்.பி.ஓ. சம்மேளனத்தில் ஒன்று. என்.எஃப்.பி.இ.யிலிருந்து பிரிந்து நிற்கும் ஏ.ஐ.ஜி.டி.எஸ்.யூ. ஒன்று. பாரதிய மஸ்தூர் சங்கத்தின் வழியில் ஒன்று. ஒருவர் கூப்பிடும் வேலைநிறுத்தத்துக்கு இன்னொருவர் வரமாட்டார். 2018இல் ஒன்றாக வந்தார்கள், பலன் கிடைத்தது. 2023 டிசம்பரில் எல்லோரும் இறங்கவில்லை. வேலைநிறுத்த நாளுக்கு அலவன்ஸ் கிடையாது. நாலு மணி நேரச் சம்பளக்காரருக்குப் பதினாறு நாள் என்பது பாதி மாத அரிசி, பால், பள்ளிக்கூடச் செலவு.

“ஸ்ட்ரைக் முடிஞ்ச சேதி வாட்ஸப்புல வந்துச்சு. பையத் தூக்குன்னாங்க, தூக்குனோம். எதுக்குச் சம்மதிச்சு வந்தாங்கன்னு ஆர்டர் வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. அதுவும் இங்கிலீஷ்ல.”

இந்த வருத்தத்தின் வேரைத் தனி ஆட்களிடம் தேடிப் பயனில்லை. இங்கே ஒப்பந்தம் என்று ஒன்று கிடையவே கிடையாது. கமிட்டி அறிக்கை கொடுக்கும், துறை அதில் வேண்டியதை எடுக்கும், அமைச்சரவை ஒப்புதல் தரும், உத்தரவு வரும். சங்கம் மனுக் கொடுக்கலாம், பேசலாம், நிறுத்தம் அறிவிக்கலாம். ஊழியர் கையெழுத்துப் போட்ட தாள் வேலைக்குச் சேர்ந்த அன்று கொடுத்த அந்த ஒன்றுதான். ஒப்பந்தம் இல்லாததால் அதன் மீது வாக்கெடுப்பும் இல்லை. எந்தச் சங்கத்துக்குச் சந்தா பிடிக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கிறோம் என்பதுதான் உறுப்பினரின் ஓட்டு.

சங்கம் இருப்பதே துறையின் அங்கீகாரத்தைப் பொறுத்தது என்பது இன்னொரு சிக்கல். 2023 ஏப்ரலில் என்.எஃப்.பி.இ.யின் அங்கீகாரத்தையும், அதிலுள்ள குரூப் சி ஊழியர் சங்கத்தின் அங்கீகாரத்தையும் அஞ்சல் துறை ரத்து செய்தது. விவசாயிகள் போராட்டத்துக்கு நிதி கொடுத்தது உள்ளிட்டவை விதிமீறல் என்றது. நெல் விளைகிற இந்த மாவட்டத்தில், விவசாயிக்குப் பணம் கொடுத்ததற்காகத் தபால் சங்கத்துக்கு அங்கீகாரம் போயிற்று என்பதை யாருக்கும் எளிதில் விளக்க முடியவில்லை. அங்கீகாரத்தை இழக்கக் கூடாது என்ற பயம் தலைவர்களை எச்சரிக்கையாகப் பேச வைக்கிறது. அந்த எச்சரிக்கை கீழே இருப்பவர் கண்ணுக்குச் சமரசமாகத் தெரிகிறது.

அமெரிக்காவில் யு.பி.எஸ். என்ற பார்சல் நிறுவனத்தின் ஓட்டுநர்களுக்கும் இதே கோபம் வந்தது. அவர்களுடைய டீம்ஸ்டர்ஸ் சங்கம் 2018இல் ஒரு ஒப்பந்தத்தை உறுப்பினர் வாக்கெடுப்புக்கு விட்டது. வாக்களித்தவர்களில் 54 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். ஆனால் பாதிப் பேருக்குக் குறைவாக வாக்களித்தால், நிராகரிக்க மூன்றில் இரண்டு பங்கு தேவை என்று சங்க விதியில் ஒரு பழைய வரி இருந்தது. அதைக் காட்டி ஜேம்ஸ் ஹோஃபா தலைமை ஒப்பந்தத்தை நிறைவேறியதாக அறிவித்தது. உறுப்பினர்கள் மறக்கவில்லை. 2021 மாநாட்டில் அந்த வரியை நீக்கினார்கள். அதே ஆண்டுத் தேர்தலில் ஷான் ஓ’பிரையன் தலைவரானார். 2023 ஒப்பந்தத்தை 86 விழுக்காட்டினர் ஏற்றுக்கொண்டார்கள்.

அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தலைமை தவறு செய்தபோது அதைத் திருத்த உறுப்பினர் கையில் ஓட்டு இருந்தது. நம் கிளை அஞ்சலகத்தில் அது இல்லை.

இனி

எட்டாவது ஊதியக் குழு அமைந்திருக்கிறது. எங்களையும் அதன் வரம்புக்குள் கொண்டுவாருங்கள் என்று ஜி.டி.எஸ். சங்கங்கள் கேட்கின்றன. இன்னொரு தனிக் கமிட்டி வந்தால் இன்னொரு தடவை அலவன்ஸ் கூடும், ஓய்வூதியம் தள்ளிப்போகும் என்பது அனுபவம் தந்த பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ‘வேறு வருமானம் உண்டு’ என்ற உறுதிமொழியும் ஐந்து மணி நேர வரம்பும் விதிப் புத்தகத்தில் இருக்கும்வரை, எவ்வளவு கொடுத்தாலும் அது உதவித்தொகை என்ற கணக்கில்தான் ஏறும். கோரிக்கைப் பட்டியலில் முதலில் வர வேண்டியது அந்த இரண்டையும் நீக்குவதுதான்.

இதற்கிடையில் தஞ்சாவூர்ப் பெரிய கோவில் பக்கம் ஆப் பார்த்து உணவு கொண்டு ஓடும் இளைஞர்களுக்குத் தமிழக அரசு 2023 டிசம்பரில் நலவாரியம் அமைத்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஆப் நிறுவனங்கள் வருவாயில் 1 முதல் 2 விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் அவர்களையும் நிறுவனங்கள் ‘பங்குதாரர்’ என்றுதான் அழைக்கின்றன, ஊழியர் என்று இல்லை. 1854இல் தபாலுக்குக் கண்டுபிடித்த உபாயம் ஆப்புக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

விதியை மாற்றுவது டெல்லியின் கையில் இருக்கிறது. அதற்கு இன்னும் எத்தனை கமிட்டி தேவைப்படுமோ. ஆனால் ஒரு காரியம் சங்கங்களின் கையிலேயே இருக்கிறது. வேலைநிறுத்தத்தைத் திரும்பப் பெறும் முன், அரசு சொன்னது என்ன, நாம் விட்டுக்கொடுத்தது என்ன என்று இரண்டு பக்கத் தமிழில் எழுதி, கோட்டம் கோட்டமாக அனுப்பலாம். தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை என்று அந்தந்தக் கோட்டத்தில் கூடி உறுப்பினர்கள் கைதூக்கி முடிவு செய்யலாம். பிரிந்து நிற்கும் சங்கங்கள் தலைமையில் சேராவிட்டாலும் அந்தக் கூட்டத்தை ஒன்றாக நடத்தலாம். அதற்கு எந்த அமைச்சரவையின் ஒப்புதலும் வேண்டியதில்லை.